இரண்டு பிராது கட்டிய தம்பி

டீயா காப்பியா என்று அந்தத் தம்பியிடம் மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் இரண்டும் ஆறிவிடும். கேனில் கொண்டுவரும் கடைக்காரர் முதல் வாரத்திலேயே அதைத் தெரிந்துகொண்டார். கேட்காமலேயே ஒரு டம்ளரை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார். தம்பி டீயைக் குடித்து முடித்துவிட்டு எங்களிடம் வந்து, "காப்பி எப்படிக்கா இருந்துச்சு இன்னைக்கு?" என்று கேட்பார். குடித்ததைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. குடிக்காததைப் பற்றித்தான்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் நான் வேலை செய்கிறேன். அச்சிலிருந்து வரும் சுடாத சாமானின் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்குவது என் வேலை. பத்தாவது வரை படித்தவள். எனக்கு அதிகம் பேச வராது. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட நிறுத்தச் சொல்ல வாய் வராமல், வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் இறங்குவேன். யாரும் இறங்காவிட்டால் அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருவேன்.

அந்தத் தம்பி மெக்கானிக்கல் எஞ்சினியரிங் முடித்துவிட்டு எங்களுக்குச் சூப்பர்வைசராக வந்தார். எஞ்சினியர் தம்பி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பெண்ணாடத்துப் பிள்ளை. தினமும் பஸ்ஸில் வந்து போவார்.

"மெஷினு படிச்சவருக்கு மண்ணு கம்பெனில என்னா வேல?" என்று வந்த அன்றே செல்வி கேட்டாள். செல்வி என் பக்கத்துப் பலகை. என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

"ஆறு மாசம்தான்க்கா. அதுக்குள்ள மாஸ்டர்ஸ் படிக்க வெளிநாடு போயிடுவேன்."

"எந்த நாடு?"

"அதத்தான் இன்னும் முடிவு பண்ணல."

அந்த ஆறு மாதம் ஏறக்குறைய மூன்று வருஷம் ஆயிற்று.

அவர் சொல்லிச் சொல்லி எனக்கே அந்த இரண்டு படிப்பும் மனப்பாடம். ஜெர்மனியில் இரண்டு வருஷம். வெப்பம், எரிபொருள், சூளை பற்றிய படிப்பு. ஃபீஸ் அதிகம் இல்லை. ஆனால் அந்த ஊர் பாஷை தெரியாமல் வேலை கிடைப்பது கஷ்டம், பாஸ் பண்ணுவது அதைவிடக் கஷ்டம். அயர்லாந்தில் ஒரே வருஷம். டிசைன் படிப்பு. இங்கிலீஷ் போதும். ஆனால் கடன் வாங்கித்தான் ஃபீஸ் கட்ட வேண்டும், முடித்தவுடன் வேலை கிடைக்காவிட்டால் அந்தக் கடன் கழுத்தை நெரிக்கும். "ஒண்ணுல பாஷ இடிக்குது, இன்னொண்ணுல பணம் இடிக்குதுக்கா" என்பார். இவ்வளவுதானே விஷயம்? எனக்கு ஒரே நாளில் விளங்கிவிட்டது. அவருக்கு மட்டும் தினமும் புதிதாக விளங்கியது.

எங்கள் ஷெட்டில் பெரிய சன்னல் ஒன்று இருக்கிறது. அதன் கட்டையில் அவர் கழிவுச் சாமானை அடுக்க ஆரம்பித்தார். சூளையில் விரிசல் விட்ட, கோணலான ஃபியூஸ் கட்டைகள். இடது பக்கம் ஜெர்மனி, வலது பக்கம் அயர்லாந்து. யாரிடமாவது யோசனை கேட்பார். அந்த ஆள் எதைச் சொல்கிறாரோ அந்தப் பக்கம் ஒரு கட்டை. காலேஜ் சீனியர் ஜெர்மனி. பாண்டிச்சேரியில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஆபீசில் அயர்லாந்து. தாய்மாமா அயர்லாந்து. பாஸ்போர்ட் விசாரிக்க வீட்டுக்கு வந்த போலீஸ்காரரையும் இவர் விடவில்லை. அவர் ஜெர்மனி என்றாராம். களிமண் லோடு கொண்டுவரும் லாரி டிரைவர், "எங்க தம்பி ரோடு நல்லாருக்கும்?" என்று கேட்டுவிட்டு ஜெர்மனிக்கு ஒன்று வைத்தார்.

செல்வி மத்தியானத்தில் யாரும் பார்க்காதபோது இடது பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து வலது பக்கம் வைத்துவிடுவாள். சாயங்காலம் தம்பி எண்ணிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களாக்கா, அயர்லாந்து ஏறுது" என்று யோசனையில் ஆழ்ந்துபோவார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

"அக்கா, நீங்க ஒண்ணும் சொல்லலையே" என்று என்னையும் பல தடவை கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு சீவுகிற வேலையைப் பார்ப்பேன். சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் ஒரு கட்டை கூடும், அவ்வளவுதான். எரிச்சலாக இருக்கும்.

அவருடைய குணத்தை வெறும் குறையாகச் சொல்லிவிடவும் முடியாது. எங்கள் பேட்டையில் சின்னக் கம்பெனிகள் எல்லாம் பொதுச் சூளையில்தான் சுட வேண்டும். முறை வைத்து, சாமான் அடுக்கிய வண்டியைச் சூளைக்குள் ஏற்றுவார்கள். நம் முறைக்கு நம் வண்டி தயாராக இல்லையென்றால் அடுத்த கம்பெனி வண்டி உள்ளே போய்விடும். ஒரு ஐப்பசி மழையில் எங்கள் முறை வந்தது. வீட்டிலிருந்து முதலாளி போனில் "ஏத்துங்க, ஏத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். தம்பி ஒரு கட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். தன் கன்னத்தை நம்பாமல் செல்வியின் கையில் ஒன்றைக் கொடுத்தார். என் கையில் ஒன்று. நான் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினேன்.

"இருங்க சார், இன்னொரு ஆள கேட்டுட்டு சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டுச் சூளைக்காரரைத் தேடிப் போனார். அவர் திரும்புவதற்குள் முறை போய்விட்டது. முதலாளி நேரிலேயே வந்து, வாயில் வந்ததையெல்லாம் பேசினார்.

ஆனால் எங்களுக்குப் பதிலாக உள்ளே போன கம்பெனியின் சாமானிலும் ஈரம் இருந்திருக்கிறது. அத்தனையும் சூளைக்குள் பட்பட்டென்று வெடித்துப் போயிற்று. மறுநாள் முதலாளி வந்து தம்பியின் தோளில் கை வைத்து, "கேக்கறதுலயும் ஒரு நல்லது இருக்குதுப்பா" என்றார். அதோடு தொலைந்தது. அதற்குப் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஏன் இப்படி ஆனார் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது. செல்விதான் கேட்டாள். "சின்ன வயசுலேருந்தே இப்படித்தானா தம்பி? பொறக்கறப்பவும் ரெண்டு ஆஸ்பத்திரிய யோசிச்சீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "ப்ளஸ் டூ முடிச்சிட்டு கவுன்சிலிங்ல உக்காந்தேன்க்கா. கம்ப்யூட்டரும் இருந்துச்சு, மெக்கானிக்கலும் இருந்துச்சு. ஒரே நிமிஷம். யாரையும் கேக்கல. மெக்கானிக்கல அமுக்கிட்டேன். கம்ப்யூட்டர் எடுத்த பசங்கள்லாம் இன்னைக்கு ஏசி ரூம்ல இருக்கறாங்க. நான் இங்க வந்து இந்தத் தூசில கெடக்கறேன்." சொன்ன பிறகுதான், அதே தூசியில் உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றார்.

"நீங்க சாப்புடுங்க தம்பி. கொழம்பு ஆறுது" என்றாள் செல்வி.

அன்றைக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதே நேரத்தில் கோபமும் வந்தது. என் முன்னால் யாரும் இரண்டு பொருளை வைத்து உனக்கு எது வேண்டும் என்று கேட்டதில்லை. பத்தாவதோடு போதும் என்றார்கள், போதும் என்று நின்றேன். தேதி குறித்த பிறகுதான் மாப்பிள்ளை போட்டோவைக் காட்டினார்கள், பார்த்துக்கொண்டேன். கேட்டிருந்தால் நானும் இவரைப் போலத்தான் விழித்திருப்பேனோ என்னவோ. ஆனாலும் இரண்டு கையிலும் இரண்டை வைத்துக்கொண்டு ஒருவர் கண் கலங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

முதல் வருஷம் கிடைத்த இரண்டு இடமும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கைநழுவிப் போயின. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்தார். அதே இரண்டு இடமும் மறுபடி கிடைத்தன. மூன்றாவது தடவைக்கு வழியில்லை. அவர் எழுதிய இங்கிலீஷ் பரீட்சை மார்க் அந்த வருஷத்தோடு செல்லாமல் போய்விடும். அவருடைய அப்பா பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் கரும்பு லோடு இறக்கி ஓய்வு பெற்றவர். இந்தத் தடவையும் விட்டால் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்துவிட வேண்டியதுதான், ஆளைப் பார்த்துச் சொல்லி வைத்துவிட்டேன், வெளிநாட்டுப் பேச்சே இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

சன்னலில் இரண்டு பக்கமும் கட்டைகள் சமமாக நின்றன. செல்வி திருடுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கே பயமாக இருந்திருக்கும்.

"பேசாம கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிடுங்க தம்பி" என்றாள். "இந்த அக்கா வெள்ளிக்கிழம போறாங்க. கூடப் போங்க."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்குப் பிராது, அதாவது மனு, எழுதிக் கொடுப்போம். இன்னார் எனக்கு இன்ன அநியாயம் செய்தார், எனக்கு இது வேண்டும் என்று தெளிவாக எழுத வேண்டும். பூசை செய்து, அதைச் சுருட்டி, முனியப்பர் முன்னால் இருக்கும் சூலத்தில் நூலால் கட்டிவிடுவார்கள். சாமியின் ஆட்கள் விசாரிக்கப் போக வேண்டும் அல்லவா, அதனால் நம் ஊர் எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தகுந்தபடி படிப்பணமும் உண்டு. மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய், பிராதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நிலுவையிலேயே நிற்கும். என்னைப் போல நேரில் கேட்க வாய் வராதவர்களுக்கு இது பெரிய வசதி. பக்கத்து மனைக்காரர் எங்கள் வேலியைத் தள்ளிப் போட்டதற்கு நான் கட்டியிருந்த பிராது அப்போதுதான் தீர்ந்திருந்தது. அதற்கு ராஜினாமா கொடுக்கத்தான் போக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை தம்பியும் வந்தார். மனு எழுதுகிறவர் பேனாவைத் திறந்து, "யார் மேல பிராது?" என்றார்.

"யார் மேலயும் இல்லீங்க. ரெண்டு நாட்டுல சீட்டு கெடச்சிருக்குது."

"சரி. எது வேணும்?"

"எது நல்லதோ அதுங்க."

அவர் பேனாவை மூடினார். "தம்பி, இது வேணும், வாங்கிக் குடுன்னு சாமிய கேக்கலாம். எனக்கு என்னா வேணும்னு எனக்கே தெரியல, நீயே கண்டுபுடிச்சி சொல்லுன்னு கேட்டா அவரு என்னா பண்ணுவாரு? ஒண்ண சொல்லுங்க."

தம்பி என்னைப் பார்த்தார். நான் கொடிமரத்தைப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் கம்மாபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் நின்றிருந்தார். நிலம் சுரங்கத்துக்குப் போய், அதற்கு ஈடு கேட்டு வந்தவர். "எனக்கு இருந்ததே ஒரு காணி, அதுவும் போச்சுன்னு நான் வந்து நிக்கறேன். நீ ரெண்டு இருக்குதுன்னு வந்து நிக்கற. சட்டுனு எழுதிட்டு நவுருப்பா" என்றார்.

"அப்ப ரெண்டுக்கும் தனித்தனியா எழுதிடுங்க" என்றார் தம்பி.

எழுதுகிறவர் பேனாவை மறுபடி திறந்தார். "ரெண்டு கட்சிக்கும் ஒரே ஆளா? சரி, ஒங்க இஷ்டம். எம்மாந்தூரம்?"

"ஜெர்மனிலேருந்து கணக்கு பண்ணணுங்களா, பெண்ணாடத்துலேருந்துங்களா?"

வரிசையே சிரித்துவிட்டது. பெரியவர்கூடச் சிரித்தார். "நீ இருக்கற ஊரு போதும். அங்கெல்லாம் சாமி மயில்லயே போயிக்கிவாரு" என்றார் எழுதுகிறவர்.

இரண்டு சுருளையும் சூலத்தில் பக்கத்துப் பக்கத்தில் கட்டிவிட்டுத் தம்பி தெளிந்த முகத்தோடு வெளியே வந்தார். மறுநாள் செல்வி விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு மாசத்துல சாமி சொல்லும், சரி. அங்க தேதி ஒரு மாசத்துல முடியுதே தம்பி?"

"அதுக்குள்ள ஒரு வழி காட்டாமயா போயிடும்?" என்றார்.

அயர்லாந்தின் தேதி முதலில் வந்தது. வந்து, போயிற்று. மறுநாள் காலை அவர் லேசான ஆளாக உள்ளே வந்தார். "போச்சுக்கா. இனிமே ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே வலது பக்கத்துக் கட்டைகளை எல்லாம் வாரிக் கழிவுக் குவியலில் போட்டார். அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. மத்தியானம் பார்த்தால் அந்தக் குவியலின் பக்கத்தில் குந்திக்கொண்டு அதே கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

"என்னா தம்பி இது?"

"இருந்தாலும் அயர்லாந்து அயர்லாந்துதான்க்கா" என்றார். அதோடு நிற்கவில்லை. கனடாவில் ஜனவரியில் ஒரு சேர்க்கை இருக்கிறதாம், அதையும் ஒருவர் சொன்னாராம். சன்னல் கட்டையில் கனடாவுக்கு நடுவில் ஒரு இடம் ஒதுக்கினார். எனக்குக் கையிலிருந்த கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

ஜெர்மனிக்குச் சம்மதம் சொல்லக் கடைசி நாள். போனில் ஓர் இடத்தை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். தம்பி போனைக் கையில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். மத்தியானம் வாசலில் ஒரு வயதானவர் வந்து நின்றார். கட்டை குட்டையான ஆள், தோளில் துண்டு. தம்பியுடைய அப்பா. பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்.

"போன குடுறா. எத அமுக்கணும்?"

"இருங்கப்பா, இன்னொரு ஆள கேட்டுட்டு..."

"இன்னும் எந்த ஆள? மில்லு கேட்டுல கரும்பு லோட நிறுத்திக்கிட்டு எந்த மில்லுக்குப் போவலாம்னு ஒரு வாரம் யோசன பண்ணு. கரும்பு காஞ்சி வெறவாப் போயிடும். அப்புறம் அடுப்புல வச்சிக்க." திரும்பி எங்களைப் பார்த்தார். எத்தனையோ பேர் இருக்க, என்னைத்தான் கேட்டார். "ஏம்மா, நீ சொல்லு. இவன் போவணுமா, வேணாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாய் வரவில்லை. போகட்டும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்பா போனைப் பிடுங்கித் தன் விரலால் அமுக்கினார். வருஷக்கணக்காகக் கரும்பு இறக்கிக் காய்த்துப்போன விரல். போன் அதை மதிக்கவில்லை. மறுபடி அமுக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மகனுடைய கையைப் பிடித்து, கட்டைவிரலை மடக்கிக் கொண்டுபோய், படிக்காதவரிடம் கைநாட்டு வாங்குகிற மாதிரி, அந்த இடத்தில் வைத்து அழுத்தினார். தம்பி கையை இழுக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

ஜெர்மனிக்குக் கிளம்புமுன் தம்பி சொல்லிக்கொள்ள வந்தார். ஒரு பெட்டி ஜாங்கிரி, ஒரு பெட்டி மைசூர்பாகு. யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றார். "போயிட்டு வரேன்க்கா" என்றார். சன்னல் கட்டையைக் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவர் போன பிறகு செல்வி எல்லாவற்றையும் கூடையில் வாரிக் கொட்டினாள்.

அப்புறம் எப்போதாவது போனில் பேசுவார். பாஷை கஷ்டமாக இருக்கிறது என்பார், பனி என்பார். படிப்பை முடித்தார். அங்கேயே சூளை செய்கிற ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. போன மாதம் ஒருநாள் கூப்பிட்டு, "அக்கா, பிராது தீந்துடுச்சி. ராஜினாமா குடுக்கணும். அம்மாவுக்கு கால் வலி, அப்பாவால அவ்ளோ நேரம் நிக்க முடியாது. நீங்க போயிட்டு வந்துடறீங்களா?" என்றார்.

போனேன். அதே மனு எழுதுகிறவர்தான். பெயரையும் ஊரையும் சொன்னதும் நிமிர்ந்தார். "ரெண்டு கட்டுனாரே, அந்தத் தம்பியா? நீங்க யாரு அவருக்கு?"

"அக்கா" என்றேன்.

"ராஜினாமா ஒண்ணுக்கா, ரெண்டுக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. ஓரமாக நின்று போன் போட்டேன். எடுத்தார்.

"ஜெர்மனிக்கு மட்டும் குடுங்கக்கா. இன்னொண்ணு இருக்கட்டும்."

"அது எதுக்கு தம்பி?"

"இருந்துட்டு போவட்டுமே. கூடப் படிச்சவன் ஒருத்தன் அயர்லாந்துல இருக்கறான். நேத்து போட்டோ போட்டிருந்தான். கடலு, பச்சப்பசேல்னு புல்லு... ஒருவேள அங்க போயிருந்தா..." பேசிக்கொண்டே போனார். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஒரு கைக்குழந்தை அழுதது. "ஒரு நிமிஷம் இருங்கக்கா. இங்க ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கறான். அவன கேட்டுட்டு சொல்றேன்."

போனில் அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் பேசிக்கொள்வது தூரத்தில் கேட்டது.

"என்னாம்மா, எழுதவா?" என்றார் மனு எழுதுகிறவர்.

"ரெண்டுக்கும் எழுதிடுங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் எழுதினார். நான் பணத்தைக் கட்டிவிட்டு விபூதியை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் போனில் தம்பியின் குரல் திரும்பி வந்தது.

"அக்கா, இவன் இருக்கட்டும்னுதான் சொல்றான்..."

"எடுத்தாச்சு தம்பி. ரெண்டையும்."

"யார கேட்டுக்கா எடுத்தீங்க?"

"யாரையும் கேக்கல" என்றேன்.